முகவரி அறியாத வணிகம்: ஜீ தொலைக்காட்சியின் முப்பதாண்டுகள்

1992 அக்டோபர் 2ஆம் நாள் ஜீ தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியபோது அது ஏறி நின்ற செயற்கைக்கோள் ஒருமுறை வானில் வீணாகி மீண்ட ஒன்று. வெஸ்டார் 6 என்ற பெயரில் 1984 பிப்ரவரியில் அமெரிக்க விண்ணோடத்திலிருந்து ஏவப்பட்ட அது, உந்துபொறிப் பழுதால் பயனற்ற சுற்றுப்பாதையில் சிக்கியது. அதே ஆண்டு நவம்பரில் வேறொரு விண்ணோடம் சென்று அதைப் பிடித்துத் தரைக்குக் கொண்டுவந்தது. செப்பனிடப்பட்டு, ஏசியாசாட் 1 என்னும் புதுப்பெயருடன் 1990 ஏப்ரலில் சீன ராக்கெட்டில் அது மீண்டும் வானேறியது. இந்தியாவின் முதல் தனியார் இந்தி அலைவரிசை இந்த மீட்புப் பொருளின் வழியாகவே வீடுகளுக்குள் நுழைந்தது.

தொலைக்காட்சியின் இன்றைய நெருக்கடியைப் பேசும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்கின்றன. திறன்பேசி வந்தது, 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத் தரவை மலிவாக்கியது, பார்வையாளர் கைப்பேசிக்குப் போய்விட்டனர். இதில் பொய்யில்லை, ஆனால் வரலாறு குறைவு. ஜீயின் முப்பதாண்டுக் கணக்கைத் தொடக்கத்திலிருந்து படிப்பவருக்கு வேறொன்று புலப்படும். அந்நிறுவனத்துக்கும் அதன் பார்வையாளருக்கும் இடையே நேரடிக் கணக்கு எப்போதுமே இருந்ததில்லை. பார்ப்பவர் யார், எத்தனை பேர், எவ்வளவு தரத் தயார் என்பவற்றை அது மூன்றாம் மனிதர் வாயிலாகவே கேட்டறிந்தது. டிஜிட்டல் யுகம் இந்தப் பழைய குறையின் மீதுதான் வந்து விழுந்தது.

தொடக்கத்தில் அக்குறை ஒரு வசதியாகவே இருந்தது. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் ஒளிபரப்பை அரசின் தனியுரிமையாக வைத்திருந்தது. அயல்நாட்டு மண்ணிலிருந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பி விழும் சமிக்ஞை அதன் பிடிக்கு வெளியே நின்றது. 1991 வளைகுடாப் போரைக் காட்டக் கூரைகளில் ஏறிய வட்ட ஆன்டெனாக்கள் அதன்பின் இறங்கவில்லை. அவற்றிலிருந்து தெருத்தெருவாகக் கம்பி இழுத்தவர்கள் கேபிள்காரர்கள். உரிமம் இல்லை, ஒழுங்குமுறை இல்லை, 1995இல் கேபிள் சட்டம் வரும்வரை அவர்களைப் பற்றிப் பேசும் சட்டமே இல்லை. ஹரியானாவின் ஹிசார் மாவட்டத்துத் தானிய வணிகக் குடும்பத்திலிருந்து வந்தவர் சுபாஷ் சந்திரா. சோவியத் ஒன்றியத்துக்கு அரிசி ஏற்றுமதி செய்து, பற்பசைக் குழாய்கள் தயாரித்து, மும்பையில் எஸ்ஸெல்வேர்ல்டு என்னும் கேளிக்கைப் பூங்காவும் நடத்திய அவர் இந்த இடைவெளியைக் கண்டுகொண்டார். ஹாங்காங்கின் ஸ்டார் நிறுவனத்திடம் ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் என்ற, அன்றைய சந்தைக்கு மிக உயர்ந்த வாடகையில் ஒரு டிரான்ஸ்பாண்டரைப் பெற்றார். நிகழ்ச்சிகள் மும்பையில் எடுக்கப்பட்டன. நாடாக்கள் விமானமேறி ஹாங்காங் சென்றன. அங்கிருந்து வானுக்குப் போய் இந்தியாவில் இறங்கின.

இறங்கும் இடத்தில் ஜீயின் ஆள் எவரும் இல்லை. சமிக்ஞையைப் பிடித்து விற்றவர் கேபிள்காரர், காசு வாங்கியவரும் அவரே. ஒளிபரப்பாளருக்குக் கிடைத்தது விளம்பரப் பணம். மறையாக்கம் செய்யப்படாத சமிக்ஞையை யார் எடுத்தால் என்ன, பரவினால் சரி என்னும் கணக்கு அன்றைக்குப் போதுமானதாக இருந்தது.

மொழியியல் மாணவர்கள் நின்று கவனிக்கவேண்டிய இடமும் இதுவே. தூர்தர்ஷனின் இந்தி, குறிப்பாகச் செய்தியின் இந்தி, அகில இந்திய வானொலியிடமிருந்து வாரிசாக வந்த சமஸ்கிருதமயமான எழுத்து நடை. அது ஒரு குடிமகனை நோக்கிப் பேசியது. ஜீக்கு அப்படிப்பட்ட குடிமகன் தேவைப்படவில்லை. அதற்குத் தேவைப்பட்டவர் நகர்ப்புற வாங்கும் குடும்பம், அக்குடும்பத்தின் மொழி எது என்று சொல்லக்கூடிய தரவு யாரிடமும் இல்லை. எனவே ஊகித்தது. ஆங்கிலச் சொற்கள் தாராளமாகக் கலந்த, பின்னர் ஹிங்கிலீஷ் என்று பெயர்பெற்ற நடை ஜீயின் தொடர்களிலும் அரட்டை நிகழ்ச்சிகளிலும் செய்தியிலும் வழக்காயிற்று. இந்தி ஆர்வலர் பலர் இதை மொழிச் சிதைவு என்று கண்டித்தனர். உண்மையில் அது முகம் தெரியாதவருக்கு எழுதப்பட்ட கடிதத்தின் நடை. டெல்லியிலும் நாக்பூரிலும் ஒருங்கே புரியவேண்டும், எவரையும் அந்நியமாக்கக் கூடாது. ‘தாரா’ தொடரும் ‘அந்தாக்ஷரி’யும் 1995இல் தொடங்கிய ‘ஸ ரி க ம’வும் அந்த ஊகம் பலித்ததற்குச் சான்றுகள். மொழிநடைத் தேர்வை அழகியல் விருப்பமாகவோ பண்பாட்டுச் சரிவாகவோ மட்டும் வாசிக்கும் ஆய்வுகள் அதன் பின்னிருந்த இந்த வணிக அறியாமையைக் கணக்கில் கொள்வதில்லை.

1990களின் இறுதியில் அலைவரிசைகள் கட்டணம் கேட்கத் தொடங்கியபோது முகவரியின்மை வசதி என்ற நிலை மாறிச் சுமையாயிற்று. ஒரு வட்டாரத்தில் எத்தனை வீடுகளுக்கு இணைப்பு உண்டு என்பது கேபிள்காரருக்கு மட்டுமே தெரியும். அவர் அதில் ஒரு சிறு பகுதியைத்தான் கணக்கில் காட்டுவார். மீதி வீடுகளின் சந்தா தெருவிலேயே தங்கிவிடும். தொழிலில் இது எல்லோரும் அறிந்த உண்மை, யாராலும் நிரூபிக்க முடியாத உண்மை. போதாக்குறைக்கு அனலாக் கம்பியில் இடம் குறைவு. அலைவரிசைகள் பெருகப் பெருக, நல்ல எண்ணில் தன் அலைவரிசை தெரியவேண்டுமென்று ஒளிபரப்பாளரே கேபிள் நிறுவனத்துக்குக் கேரியேஜ் கட்டணம் செலுத்தும் தலைகீழ் வழக்கம் உருவாயிற்று. சரக்கை வைத்திருப்பவர் கடைக்காரருக்குக் காசு கொடுத்தார்.

விளம்பரதாரருக்குச் சொன்ன எண்ணிக்கையும் மதிப்பீடுதான். சில ஆயிரம் வீடுகளில் பொருத்தப்பட்ட மீட்டர்கள் நாடு முழுவதற்கும் பேசின. 2015இல் பார்க் அமைப்பு பொறுப்பேற்ற பின்னர் நிலை மேம்பட்டது. ஆனாலும் 2020இல் ஏறத்தாழ 21 கோடித் தொலைக்காட்சி வீடுகளுக்கு 44,000 அளவிலான வீடுகளே மாதிரியாக இருந்தன. புள்ளியியல் அளவில் இது குறையன்று. ஆனால் மாதிரி வீடு எது என்று தெரிந்தால் அதை வாங்கிவிடலாம். அந்த ஆண்டு அக்டோபரில் மும்பைக் காவல்துறை வெளிக்கொணர்ந்த டிஆர்பி வழக்கின் சாரம் அதுவே. செய்தி அலைவரிசைகளின் தரவரிசை 2022 மார்ச் வரை வெளியிடப்படாமல் நின்றது.

பார்வையாளரின் வாசலை அடைய ஜீ முயலாமல் இருந்ததில்லை. அதன் குழுமம் 1990களின் நடுவிலேயே சிட்டி கேபிள் என்ற பெயரில் கம்பித் தொழிலில் இறங்கியது. 2003இல் நாட்டின் முதல் டிடிஎச் சேவையாக டிஷ் டிவியைத் தொடங்கியது. கேபிள்காரரைத் தாண்டி, கூரையிலிருந்து நேராக வரவேற்பறைக்கு. எண்ணம் சரியானது. ஆனால் ஒவ்வொரு செட்டாப் பெட்டிக்கும் மானியம் கொடுத்தே வாடிக்கையாளரைச் சேர்க்க வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் டாடா ஸ்கை, சன் டைரக்ட், ஏர்டெல், வீடியோகான் என்று போட்டியாளர்கள் வரிசையாக வந்தனர். மறுபுறம், 2004 ஜனவரியில் டிராய் கேபிள் கட்டணங்களை முந்தைய டிசம்பர் நிலையிலேயே உறையவைத்தது. முகவரியைத் தேடிச் செல்வதற்கு மூலதனம் வேண்டும், கண்டுபிடித்த முகவரியிடம் விலையை உயர்த்த அனுமதி இல்லை. இந்திய ஒளிபரப்புப் பொருளாதாரத்தின் இந்த முடிச்சைப் பற்றி, ‘கலாச்சார ஏகாதிபத்தியம்’ பற்றி எழுதப்பட்ட அளவில் பத்தில் ஒரு பங்குகூட எழுதப்படவில்லை.

இடையே நடந்த இரு போர்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1993இல் ரூப்பர்ட் மர்டாக் ஸ்டாரின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியதோடு, ஜீயின் ஒளிபரப்பு நிறுவனத்திலும் 49.9 விழுக்காட்டைப் பெற்றார். கூட்டாளியாக இருந்தவரை ஸ்டார் முழு அளவில் இந்திக்குள் வர இயலவில்லை. 1999இல் ஜீ அந்தப் பங்கைத் திரும்ப வாங்கித் தன்னாட்சி பெற்றது. வேலியும் அதோடு போயிற்று. 2000 ஜூலை 3 அன்று ஸ்டார் பிளஸ் முழு இந்தி அலைவரிசையாகி ‘கௌன் பனேகா கரோர்பதி’யை ஒளிபரப்பியது. ஜீ பதிலுக்குக் கொண்டுவந்த ‘சவால் தஸ் கரோர் கா’ எடுபடவில்லை, முதலிடம் கைமாறியது. இரண்டாவது போர் கிரிக்கெட். 2004இல் வாரியத்தின் ஒளிபரப்பு உரிமைக்கு மிக உயர்ந்த தொகை கேட்டும் ஜீக்கு அது கிடைக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2005 பிப்ரவரியில் வந்த ‘ஜீ டெலிஃபிலிம்ஸ் எதிர் இந்திய ஒன்றியம்’ தீர்ப்பு, கிரிக்கெட் வாரியம் அரசியல் சட்டத்தின் 12ஆம் பிரிவு கூறும் ‘அரசு’ ஆகாது என்று மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் கூறியது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாகும் அத்தீர்ப்பு ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் வணிகத் தோல்வியிலிருந்து பிறந்தது என்பதை மாணவர்கள் பலர் அறிவதில்லை. 2007இல் ஜீ நடத்திய போட்டிக் கிரிக்கெட் லீக் சில பருவங்களில் முடிந்தது. 2016இல் தன் டென் ஸ்போர்ட்ஸ் அலைவரிசைகளையும் 38.5 கோடி டாலருக்குச் சோனியிடம் விற்க ஒப்புக்கொண்டது.

டிஜிட்டல் என்ற சொல் இந்தியத் தொலைக்காட்சிக்குள் முதலில் நுழைந்தது கைப்பேசியாக அன்று, செட்டாப் பெட்டியாக. 2012 இறுதியில் பெருநகரங்களில் தொடங்கி 2017 மார்ச் வரை நாடெங்கும் கேபிள் டிஜிட்டலாக்கப்பட்டது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண். இனிக் கணக்கு மறையாது என்று ஒளிபரப்பாளர்கள் எதிர்பார்த்தனர். எண்ணிக்கை தெளிவானது மெய்தான். ஆனால் பெயரும் தொலைபேசி எண்ணும் விநியோக நிறுவனத்தின் கணினியிலேயே இருந்தன. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த டிராயின் புதிய கட்டண முறை, எந்த அலைவரிசை வேண்டும் என்று பார்வையாளரையே தேர்ந்தெடுக்கச் சொன்னது. நூறு அலைவரிசைகளுக்கு அடிப்படைக் கட்டணம் வரி நீங்கலாக ரூ.130, தொகுப்பில் சேரும் அலைவரிசைக்கு விலை ரூ.19க்கு மேல் கூடாது. 2020இல் அவ்வுச்சவரம்பு ரூ.12 ஆகக் குறைக்கப்பட்டது, வழக்குகளுக்குப் பிறகு 2022 நவம்பரில் மீண்டும் ரூ.19 ஆயிற்று. ஒரு தேநீர் விலையளவு வேறுபாட்டுக்காக மூன்றாண்டுகள் நீதிமன்றத்தில் கழிந்தன.

அதே 2019இல் இன்னொரு பாடமும் கிடைத்தது. பிரசார் பாரதியின் டிடி ஃப்ரீ டிஷ் மாதச் சந்தா இல்லாதது. ஊரக வட இந்தியாவில் பரவலானது. கட்டண அலைவரிசைக்கு விலை வைத்துவிட்டு, பழைய தொடர்களை அங்கே இலவசமாகக் காட்டுவது முரண் என்று கருதிய ஜீ, ஸ்டார், சோனி, வையாகாம்18 ஆகிய நால்வரும் தத்தம் இலவச அலைவரிசைகளை மார்ச்சில் அங்கிருந்து விலக்கினர். பார்வையாளர் பின்தொடர்ந்து வந்து சந்தா கட்டவில்லை. அங்கேயே இருந்த தங்கல் என்னும் அலைவரிசையைப் பார்த்தனர். அது இந்தித் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்தது. 2020 ஜூனில் நால்வரும் திரும்பினர். கைப்பேசிக்குப் போனவர்களைப் பற்றியே பேசும் ஆய்வுகளுக்கு இந்த வீடுகள் கண்ணில் படுவதில்லை. ஜீ இழந்த பார்வையாளரில் ஒரு பகுதியினர் இணையத்துக்குப் போகவில்லை, காசில்லாத தொலைக்காட்சிக்குப் போனார்கள்.

ஜீயைத் தாங்கி நின்றவை வட்டார மொழிகள். 1999இல் ஆல்ஃபா என்ற பெயரில் மராத்தி, வங்காளம், பஞ்சாபி. 2005இல் தெலுங்கு, 2006இல் கன்னடம், 2008இல் தமிழ், 2018இல் மலையாளம். ஹிங்கிலீஷ் ஊகத்துக்கு நேர்மாறான வழி இது. ஒவ்வொரு மொழிச் சந்தையிலும் அந்தந்த மண்ணின் எழுத்தாளரையும் நடிகரையும் வைத்துத் தொடர் எடுக்கவேண்டும். விலையுள்ள வழி. ஆயினும் இந்தியில் சரிந்த காலத்திலும் நிறுவனத்துக்கு நிலையான வருவாய் ஈட்டித்தந்ததில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு.

அவ்வருவாய் உண்மையிலேயே பெரிது. 2018–19 நிதியாண்டில் ஜீ என்டர்டெயின்மென்ட் ஏறத்தாழ ரூ.7,900 கோடி வருவாயும் ரூ.1,567 கோடி லாபமும் காட்டியது. அதே நிதியாண்டின் 2019 ஜனவரி 25 அன்று அதன் பங்கு விலை ஒரே நாளில் கால்பங்குக்கு மேல் வீழ்ந்தது. காரணம் அலைவரிசைகளில் இல்லை. நெடுஞ்சாலை முதலான உள்கட்டமைப்புத் தொழில்களுக்காக நிறுவனர் குடும்பம் ஜீயின் பங்குகளை அடமானம் வைத்துக் கடன் பெற்றிருந்தது. கடன் கொடுத்தோருக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில் மன்னிப்புக் கேட்ட சந்திரா, உள்கட்டமைப்பு ஏலங்களையும் வீடியோகானின் டி2எச் சேவையை வாங்கி டிஷ் டிவியுடன் இணைத்ததையும் தம் பிழைகளாகப் பட்டியலிட்டார். முகவரியைத் தேடிய பழைய முயற்சியின் கடைசித் தவணை அந்த டி2எச். அவ்வாண்டே பங்குகள் பகுதி பகுதியாக விற்கப்பட்டன; 40 விழுக்காட்டுக்கு மேல் இருந்த குடும்பப் பங்கு சுமார் 4 விழுக்காடாயிற்று. நவம்பரில் சந்திரா தலைவர் பதவியிலிருந்து விலகினார்.

எனவே இணையப் போட்டிக்குப் பெருமூலதனம் தேவைப்பட்ட அதே நேரத்தில் நிறுவனத்துக்கு வலுவான உரிமையாளர் இல்லை. 2018 பிப்ரவரியில் 12 மொழிகளுடன் தொடங்கிய ஜீ5, இறுதியாகப் பார்வையாளரின் மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் நேரடியாகக் கேட்ட முதல் பெரிய முயற்சி. விலை கடுமையானது: 2022–23இல் அத்தளத்தின் இயக்க இழப்பு மட்டும் ரூ.1,000 கோடியைத் தாண்டியது. குழுமத்தின் வருவாய் அவ்வாண்டும் ரூ.8,000 கோடியளவே, லாபம் ரூ.50 கோடிக்கும் கீழே. இணைப்பு முயற்சியின் செலவுகளும் அதில் அடக்கம் என்றாலும், நான்காண்டு இடைவெளியில் இவ்விரு லாப எண்களும் அருகருகே நிற்பதைப் பார்க்கவேண்டும். போட்டிக்கு நின்றவர்களோ இழப்பை வேறு பையிலிருந்து ஈடுகட்டக்கூடியவர்கள். 2022 ஐபிஎல் ஏலத்தில் டிஜிட்டல் உரிமைக்கு மட்டும் ரூ.20,500 கோடி கொடுத்த வையாகாம்18, ரிலையன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. 2023இல் அதை ஜியோசினிமாவில் இலவசமாகவே காட்டியது. கோடிக்கணக்கான பார்வையாளரின் கைப்பேசி எண்ணும் ரீசார்ஜ் கணக்கும் ஏற்கெனவே அக்குழுமத்தின் வசம் இருந்தன.

ஜீ தேடிய தீர்வு சோனியுடனான இணைப்பு. 2021 செப்டம்பரில் பெரிய பங்குதாரரான இன்வெஸ்கோ, நிர்வாக இயக்குநர் புனித் கோயங்காவை நீக்கக் கோரியது. அம்மாதமே இணைப்பு அறிவிக்கப்பட்டது. டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. போட்டி ஆணையம், பங்குச் சந்தைகள், கம்பெனித் தீர்ப்பாயம் என்று ஒவ்வொரு வாசலையும் தாண்ட இரண்டாண்டுகள் ஆயின. இடையில் 2023 ஜூனில் செபி தந்தையையும் மகனையும் இயக்குநர் பொறுப்பு வகிக்கத் தடைவிதித்தது. அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது. புதிய நிறுவனத்துக்குத் தலைமை யார் என்ற கேள்வி தீரவில்லை. 2024 ஜனவரி 22 அன்று சோனி ஒப்பந்தத்தை முறித்தது. அதற்குள் ஜீ 2024 முதல் 2027 வரையிலான ஐசிசி ஆடவர் போட்டிகளின் தொலைக்காட்சி உரிமையை டிஸ்னி ஸ்டாரிடமிருந்து பெற உடன்பட்டிருந்தது. டிஜிட்டல் உரிமையை ஸ்டார் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஜீயால் அதற்கும் பணம் செலுத்த இயலவில்லை. அவ்வழக்கு லண்டன் நடுவர் மன்றத்துக்குச் சென்றது. 2024 நவம்பரில் டிஸ்னியின் இந்தியத் தொலைக்காட்சிகளும் ரிலையன்ஸின் தொலைக்காட்சிகளும் ஒன்றாகி ஜியோஸ்டார் பிறந்தது.

இதில் பணயமாக நிற்பது ஒரு குடும்பத்தின் செல்வம் மட்டுமென்றால் வணிக இதழ்களோடு விட்டுவிடலாம். 2024இல் ஊடகத் துறை வருவாயில் டிஜிட்டல் முதன்முறையாகத் தொலைக்காட்சியைத் தாண்டி முதலிடம் பெற்றதாக ஃபிக்கி–இஒய் அறிக்கை கூறியது. அந்த டிஜிட்டல் விளம்பரப் பணத்தின் பெரும்பகுதி தேடுபொறிக்கும் சமூக ஊடகத்துக்கும் போகிறது. அவை ஒடியாவில் தினத்தொடர் எழுத எவருக்கும் ஊதியம் தருவதில்லை. மராத்தியிலும் வங்காளத்திலும் கன்னடத்திலும் வாரத்தில் ஐந்தாறு நாள் புனைவெழுதிப் பிழைக்கும் தொழிலை உருவாக்கியது விளம்பரத்தில் வாழ்ந்த தொலைக்காட்சி. அத்தொடர்களின் தரம் பற்றி எத்தனை குறை சொன்னாலும், அந்த அளவில் அன்றாடப் பேச்சுமொழியை எழுத்தாக்கும் மாற்று நிறுவனம் இம்மொழிகளில் இன்னும் தோன்றவில்லை. சமகாலப் பேச்சுவழக்கை ஆராய்பவர்களுக்கு அத்தொடர்கள் மாபெரும் தரவுத் தொகுதியும்கூட. அவற்றை முறையாகச் சேமித்துவைக்கும் பொது ஆவணக்காப்பகம் எதுவும் இல்லை.

2024 நவம்பர் 28 அன்று நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் புனித் கோயங்காவை மீண்டும் இயக்குநராக்கும் தீர்மானம் மயிரிழையில் தோற்றது, ஆதரவு 49.54 விழுக்காடு. 2025 ஜூலையில், ரூ.2,237 கோடி முதலிட்டுத் தன் பங்கை 18.4 விழுக்காடாக உயர்த்திக்கொள்ள நிறுவனர் குடும்பம் கேட்ட அனுமதிக்கு 75 விழுக்காடு வாக்குகள் வேண்டியிருந்தன. கிடைத்தவை 60 விழுக்காட்டுக்குச் சற்றே கீழே.